ஆஃபர் வரும் நேரத்தில் பழைய பதிவுகள்: எதை அழிப்பது, எதை விடுவது?

கேள்வி:

வயது 28. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். சென்னை ஓஎம்ஆரில் ஒரு நடுத்தர ஐடி கம்பெனியில் நான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இப்போது வேறொரு கம்பெனியில் எல்லா ரவுண்டும் முடிந்து, பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் சமூக ஊடகச் சோதனைக்கும் சம்மதம் கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. காலேஜ் நாட்களில் ட்விட்டரில் ரசிகர் சண்டை போட்டிருக்கிறேன். கெட்ட வார்த்தைகள் நிறைய. ஃபேஸ்புக்கில் தேர்தல் நேரத்தில் எழுதியவற்றில் சாதி பற்றியும் ஒன்றிரண்டு மோசமான பதிவுகள் உண்டு. இன்னொன்று, படித்து முடித்ததும் ஒரு சின்ன கம்பெனியில் நான்கு மாதம் இருந்துவிட்டு விலகினேன். ரெசியூமில் அதைப் போடவில்லை. லிங்க்ட்இன் கணக்கு பெயருக்கு இருக்கிறது. எல்லாக் கணக்கையும் டெலீட் செய்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கும் விஷயம் தெரியக் கூடாது; நோட்டீஸ் பீரியடே 60 நாள். பிற்காலத்தில் அமெரிக்கா ஆன்சைட் போகும் எண்ணமும் உண்டு. என்ன செய்யட்டும்?

– ஆர்., சென்னை

பதில்:

அன்புள்ள ஆர்.,

எந்தக் கணக்கையும் இன்று டெலீட் செய்யாதீர்கள். அந்தக் கட்டத்திலும் இன்றே டிக் அடிக்க வேண்டாம்; படிவத்தை நிரப்ப வழக்கமாகச் சில நாள் அவகாசம் தருவார்கள், அது போதும். நீங்கள் பயப்படுவதெல்லாம் ட்விட்டருக்கு. உண்மையில் ஆஃபரைக் காலி செய்யக்கூடியது, "இன்னொன்று" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நான்கு மாதம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரெசியூமில் ஒரு சின்ன வேலையை விட்டுவிடுவது பெரிய குற்றமல்ல. ரெசியூம் என்பது நீங்கள் காட்ட விரும்பியதைக் காட்டும் தாள். ஆனால் வெரிஃபிகேஷன் படிவம் அப்படியல்ல. "இதுவரை வேலை பார்த்த எல்லா நிறுவனங்களும்" என்று கேட்டு, "மேலே உள்ளவை உண்மை" என்று கையெழுத்தும் வாங்குவார்கள். அங்கே விட்டால் அது பொய் உறுதிமொழி. ஆஃபர் லெட்டரின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். தகவல் தவறென்று தெரிந்தால் வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கலாம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

அது எப்படி வெளியே வரும்? முதல் கம்பெனி பி.எஃப். பிடித்திருந்தால், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் 12 இலக்க பி.எஃப். எண்ணான யுஏஎன்னின் கீழ் அந்தக் கம்பெனிக்கு ஒரு மெம்பர் ஐடி உட்கார்ந்திருக்கும். சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தால் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாகத் தெரியும். சம்பளத்தில் வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால், பிடித்த வரியைக் காட்டும் ஃபார்ம் 26ஏஎஸ்ஸில் கம்பெனி பெயர் வரும். இரண்டும் இல்லை என்றால்கூட, உங்கள் ஃபேஸ்புக்கில் கொஞ்சம் கீழே உருட்டிப் பாருங்கள். இன்ன இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று நீங்களே ஒரு லைஃப் ஈவென்ட் போட்டிருப்பீர்கள். அதன் கீழே "மச்சி ட்ரீட் எப்போ" என்று நாற்பது கமெண்ட் இருக்கும். சமூக ஊடகச் சோதனையில் பலர் மாட்டுவது இப்படித்தான். யாரும் அவர்கள் கருத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. படிவத்தில் ஒரு தேதி, புரொஃபைலில் ஒரு தேதி, பி.எஃப்.பில் ஒரு தேதி என்று மூன்றும் மூன்று விதமாக இருந்ததுதான் காரணம்.

ஆகவே முதல் வேலை, படிவத்தை அனுப்புமுன் எச்ஆருக்கு ஒரு மெயில். நீட்டி முழக்க வேண்டாம். "படிவம் நிரப்பும்போது கவனித்தேன். என் ரெசியூமில் ஒரு குறுகிய கால வேலை விடுபட்டிருக்கிறது. இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இன்ன நிறுவனத்தில் ட்ரெய்னியாக இருந்தேன். இப்போதைய பணிக்குத் தொடர்பில்லாததால் சேர்க்கவில்லை. படிவத்தில் சேர்த்திருக்கிறேன், கையில் உள்ள ஆவணங்கள் இவை." அவ்வளவுதான். ரிலீவிங் லெட்டர் இல்லையென்றால் அதையும் சொல்லி, சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். விலகிய காரணம் கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியைத் திட்ட வேண்டாம்.

அதே சர்வீஸ் ஹிஸ்டரியில் இன்னொன்றையும் பாருங்கள். சின்ன கம்பெனிகள் பல, ஆள் போன பிறகு விலகிய தேதியைப் பதிவு செய்வதே இல்லை. அப்படி விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலத் தெரியும். 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களிலும் வேலை பார்த்த 300 பேரை விப்ரோ நீக்கியதாக அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜி அறிவித்ததிலிருந்து, இந்த இரட்டை வேலை விஷயத்தில் எச்ஆர் துறைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கின்றன. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழிந்திருந்தால், யுஏஎன் தளத்தில் "மார்க் எக்ஸிட்" வழியாக நீங்களே தேதியைப் போடலாம். உங்கள் விஷயத்தில் அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

இனி அந்தக் கட்டம். சம்மதம் தராவிட்டால் என்ன ஆகும் என்றால், நடைமுறையில் உங்கள் ஃபைல் அங்கேயே நிற்கும். சட்டப்படி மறுக்கலாம், கம்பெனியும் வேறு ஆளைப் பார்க்கலாம். வங்கி, இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் கம்பெனிகளில் இந்தச் சோதனையை வாடிக்கையாளரே ஒப்பந்தத்தில் கேட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் எச்ஆர் நினைத்தாலும் உங்களுக்கு விலக்கு தர முடியாது.

சோதனையை எச்ஆர் நேரடியாகச் செய்வது குறைவு. வெளி ஏஜென்சிக்குக் கொடுப்பார்கள். உங்கள் பெயர், மொபைல் எண், மெயில் ஐடி, கல்லூரி, ஊர் ஆகியவற்றை வைத்துப் பொதுவில் தெரியும் கணக்குகளைத் தேடுவார்கள். தேடுவது என்ன என்பதும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே: சாதி, மத, இன வெறுப்பு; வன்முறை மிரட்டல்; பெண்களைப் பற்றிய ஆபாசம்; போதைப்பொருள்; பழைய கம்பெனியின் ரகசியம்; ரெசியூமோடு ஒத்துப்போகாத தகவல். அறிக்கை பச்சை, ஆம்பர், சிவப்பு என்று வரும். பச்சைக்கு மறு பேச்சில்லை. ஆம்பர் என்றால் உங்களிடம் விளக்கம் கேட்பார்கள். சிவப்பு வந்தால் எச்ஆர் தலைமை உட்கார்ந்து முடிவெடுக்கும்.

பூட்டிய கணக்குக்குள் அவர்கள் போக முடியாது, போகவும் கூடாது. பாஸ்வேர்டோ, சமூக ஊடகக் கணக்குக்கான ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்பவர் உண்மையான எச்ஆர்தானா என்றே சந்தேகப்படுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினால் இந்த ஒரு மாதம் ஏற்க வேண்டாம்.

உங்கள் பெயர் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயரா? அப்படியானால் அடுத்தவர் பதிவு உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு. சான்றிதழில் இனிஷியலோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு ஒரு மாதிரி, ஃபேஸ்புக்கில் பட்டப்பெயரோடு ஒரு மாதிரி என்றிருந்தால் குழப்பம் கூடும். படிவத்தில் உங்கள் கணக்குகளின் முகவரியைக் கேட்டால் கொடுத்துவிடுவதே நல்லது. நீங்கள் சொன்ன கணக்கைத்தான் பார்ப்பார்கள், பெயரை வைத்துத் துழாவும் வேலை குறையும். ஆம்பர் வந்து விளக்கம் கேட்டால், அந்தப் பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லுங்கள். அது உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே முடிந்துவிடும்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பிரிவை வைத்து உங்கள் மீது வழக்குப் போட முடியாது, சரி. ஒரு தனியார் கம்பெனி ஆஃபரைத் திரும்பப் பெறுவதற்கு அந்தத் தீர்ப்பு தடையில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சிலர் நம்புகிறார்கள். ஒருவர் தானே பொதுவில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று அதன் 3-வது பிரிவு சொல்கிறது. பப்ளிக் என்று வைத்துவிட்டால் கதவை நீங்களே திறந்து வைத்ததாகத்தான் கணக்கு.

சரி, சுத்தம் செய்வோம். மூன்று மாலை வேளை ஒதுக்குங்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். மொபைலில் பாதி வசதி ஒளிந்திருக்கும்.

முதலில் நீங்களே ஏஜென்சிக்காரராக மாறித் தேடுங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, இரட்டை மேற்கோளுக்குள் உங்கள் பெயரோடு ஊர், பெயரோடு கல்லூரி, மொபைல் எண் தனியாக, மெயில் ஐடி தனியாக, பழைய ட்விட்டர் பெயர் தனியாக. மொபைல் எண்ணைத் தேடும்போதுதான் பலருக்கும் தூக்கிவாரிப் போடும். பைக் விற்க ஆறு வருடம் முன்பு போட்ட விளம்பரம், ரத்த தானக் குழுவில் கொடுத்த எண், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கணக்கு எல்லாம் கிளம்பி வரும்.

எக்ஸ் தளத்தில், அதாவது பழைய ட்விட்டரில், முதலில் உங்கள் ஆர்க்கைவை டவுன்லோட் செய்யக் கேளுங்கள். கைக்கு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். பிறகு அட்வான்ஸ்டு சர்ச் பக்கத்தில் உங்கள் கணக்குப் பெயரையும் காலேஜ் வருடங்களின் தேதிகளையும் கொடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடுங்கள். கெட்ட வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் ஒரு முறை, தங்கிலீஷில் உங்களுக்குப் பழக்கமான எல்லா ஸ்பெல்லிங்கிலும் ஒரு முறை. இயந்திரத்துக்குத் தங்கிலீஷ் புரியாது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சென்னையில் அறிக்கையைப் படிக்கும் எச்ஆருக்கு நன்றாகவே புரியும். கூடவே "கொளுத்துவோம்", "வெட்டுவேன்", "சம்பவம்", "செத்தான்" போன்றவற்றையும் தேடுங்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு "தியேட்டரைக் கொளுத்துறோம்" என்று எழுதியவருக்குத் தீப்பெட்டி எடுக்கும் எண்ணம்கூட இருந்திருக்காது. மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாகப் பார்க்கும் வெளிமாநில ஏஜென்சிக்கு அது தீவைப்பு மிரட்டல்.

அங்கே சண்டை பெரும்பாலும் ரிப்ளைகளில் நடந்திருக்கும். உங்கள் பக்கத்தில் ட்வீட்களை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். லைக்குகள் 2024 ஜூனிலிருந்து மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, அதை விடுங்கள். மொத்தமாக அழிக்கும் வெளிச் செயலிகளைப் பயன்படுத்தினால், வேலை முடிந்ததும் செட்டிங்ஸில் போய் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கணக்குப் பெயரை மாற்றித் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மாற்றினால் பழைய பெயர் அநாதையாகிவிடும், வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். பழைய சண்டைகளில் மற்றவர்கள் உங்களை அழைத்த பெயரோ அப்படியே நிற்கும். அதன் பிறகு அந்தப் பெயரில் யார் எதை எழுதினாலும் உங்கள் கணக்கில் சேரும்.

ஃபேஸ்புக்கில் எல்லோரும் சொல்லும் வழி, பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்". ஒரு கிளிக்கில் முடிந்துவிடும், செய்யுங்கள். ஆனால் அது தொடாத இடங்கள்தான் உங்களுக்கு முக்கியம். அடுத்தவர் பப்ளிக் பதிவில் நீங்கள் எழுதிய கமெண்ட் அப்படியே இருக்கும். பப்ளிக் குரூப்பில் போட்டது இருக்கும். மற்றவர் உங்களை டேக் செய்த படம், அவர் வைத்த அளவுக்குத் தெரியும். சாதிச் சங்கத்தின் ஃப்ளெக்ஸ் பேனர் முன் நின்ற படம் இந்த வகை. ஆக்டிவிட்டி லாகைத் திறந்து, கமெண்ட்ஸ் என்று தனியாகப் பிரித்து, தேர்தல் நடந்த மாதங்களுக்குப் போங்கள். குரூப் பதிவுகளுக்குத் தனியாக ஒரு வடிகட்டி உண்டு. டேக்கை நீக்குங்கள், இனி யாராவது டேக் செய்தால் உங்களைக் கேட்டபின் போகும்படி ரிவ்யூவை ஆன் செய்யுங்கள். குப்பைக்கு அனுப்பியவை 30 நாள் கழித்துத்தான் நிரந்தரமாகப் போகும்; மனம் மாறாது என்றால் குப்பைத்தொட்டியிலும் போய் அழித்துவிடுங்கள்.

சாதி பற்றிய பதிவுகளில் தயக்கமே வேண்டாம். ஆர்க்கைவ் செய்வது, ஒளிப்பது, நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுவது எதுவும் போதாது, அழியுங்கள். அரசியல் கருத்துக்கு அஞ்சும் கம்பெனிகள் குறைவு. சாதி, பெண், மதம் இந்த மூன்றில் இழிவான சொல் வந்தால் எந்தக் கம்பெனியும் கைகழுவிவிடும், ஏனென்றால் நாளை அந்த ஆள் இருக்கும் டீமில் ஒரு புகார் வந்தால் "தெரிந்தே எடுத்தீர்களா" என்ற கேள்வி எச்ஆரைப் பார்த்து வரும். வளைகுடாவில் இன்னும் கடுமை. 2020 ஏப்ரலில் மதத்தை இழிவுபடுத்திப் பதிவு போட்டதற்காக ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வேலை இழந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. அங்கிருந்த இந்தியத் தூதரே எச்சரிக்கும் அளவுக்குப் போனது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அழிக்காதீர்கள். ஒரு பதிவைப் பற்றி ஏற்கெனவே யாராவது போலீஸில் புகார் கொடுத்திருந்தாலோ வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தாலோ, வழக்கறிஞரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாக ஆகும்.

மற்றபடி கட்சிக்கு ஓட்டுக் கேட்டது, படம் சரியில்லை என்று புலம்பியது, ஊர்த் திருவிழாவில் ஆடியது, இதெல்லாம் கிடக்கட்டும். இன்ஸ்டாகிராமை ப்ரைவேட் ஆக்கிவிட்டு மறந்துவிடுங்கள். எல்லாவற்றையும் துடைத்து வெள்ளைச் சுவராக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அழித்த பிறகும் கூகுள் தேடலில் பழைய வரிகள் சில நாள் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் வசதி கூகுளிலேயே இருக்கிறது. அந்த முகவரியைக் கொடுத்தால் நீக்குவார்கள். யாராவது எடுத்து வைத்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மருந்தில்லை. அது கிளம்பினால் என்ன சொல்வது என்பதை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "அது என் பதிவுதான். காலேஜில் எழுதியது. தவறென்று தெரிந்து நீக்கிவிட்டேன்." இதோடு நிறுத்துங்கள். அக்கவுன்ட் ஹேக் ஆகிவிட்டது என்று சொல்வதை எச்ஆர்காரர்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கிறார்கள்.

புரோகிராம்களை ஏற்றிவைக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்கு இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டெஸ்டிங் ஆட்கள் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்டைப் பப்ளிக்காக ஏற்றும்போது, உள்ளே கம்பெனியின் சர்வர் முகவரியோ பாஸ்வேர்டோ இருப்பது சகஜம். அந்த வரியை நீக்கிப் புதிதாக ஏற்றினால் போதாது. முன்பு சேமித்த பதிப்பில், அதாவது பழைய கமிட்டில், அப்படியே இருக்கும். அந்த பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும், அதற்கு டீமில் சொல்லித்தான் ஆக வேண்டும். புதிய கம்பெனி பார்த்தால் "நம் ரகசியத்தையும் இப்படித்தான் வைப்பார்" என்று நினைக்கும், பழைய கம்பெனி பார்த்தால் நேராக ஒழுங்கு நடவடிக்கை.

லிங்க்ட்இன்னைப் பெயருக்கு வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் பெரிய குறை. மற்ற கணக்குகளால் வேலை போகலாம். இது ஒன்றால்தான் வேலை வரும். இந்த ஆஃபர் எப்படிப் போனாலும் இதைச் சரி செய்யுங்கள். ரெக்ரூட்டர் உங்களைப் பெயர் சொல்லித் தேடுவதில்லை. "செலினியம், ஏபிஐ டெஸ்டிங், பேங்கிங், சென்னை, 4 வருடம்" என்று சொற்களைப் போட்டு வடிகட்டுகிறார். அந்தச் சொற்கள் உங்கள் புரொஃபைலில் இல்லாவிட்டால் நீங்கள் அவருக்கு இல்லவே இல்லை. ஹெட்லைனில் 220 எழுத்துகள் வரை இடமுண்டு. பலர் அதில் "இன்ன கம்பெனியில் எஞ்சினியர்" என்று தானாக விழுந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் "கனவு காண்பவன், கற்றுக்கொண்டே இருப்பவன்" என்று எழுதுகிறார்கள். உங்களுக்கு இப்படி இருக்கலாம்: "கியூஏ எஞ்சினியர், 4 ஆண்டுகள், செலினியம் ஜாவா, ரெஸ்ட் அஷ்யூர்டு, ஜென்கின்ஸ், பேமென்ட்ஸ் டொமைன்." செய்யாததைச் சேர்க்க வேண்டாம், ரெக்ரூட்டரின் முதல் அழைப்பிலேயே நூல் பிரிந்துவிடும்.

தேதிகளை மாதக் கணக்கு வரை பி.எஃப். பதிவோடு பொருத்துங்கள். பதவிப் பெயர் ஆஃபர் லெட்டரில் உள்ளபடி. வாடிக்கையாளர் பெயரைப் போடாமல் "ஒரு ஐரோப்பிய வங்கி" என்று விடுங்கள், உங்கள் ரகசிய ஒப்பந்தம் அதைத்தான் கேட்கும்.

இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் இதையெல்லாம் செய்ய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செட்டிங்ஸில் புரொஃபைல் மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் சுவிட்சை அணையுங்கள். அதை அணைக்காமல் திருத்த ஆரம்பித்தால் மேனேஜரின் ஃபீடில் போய் நிற்கும். பிறகு திருத்துங்கள், ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அல்ல, நாலைந்து நாளில். "ஓப்பன் டு வொர்க்" வைப்பதானால் பச்சை வளையம் வேண்டாம். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்ற தேர்வு இருக்கிறது. உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதாக லிங்க்ட்இன் சொன்னாலும், முழு உத்தரவாதம் தருவதில்லை என்றும் அதுவே சொல்கிறது. உங்கள் கம்பெனி ஆளெடுக்க வெளி ஏஜென்சி வைத்திருந்தால் அவர் பார்த்து ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது. வேலை தேடும் தளமான நௌக்ரியில் குறிப்பிட்ட கம்பெனிகளுக்கு உங்கள் புரொஃபைலை மறைக்கும் வசதி உண்டு. இப்போதைய கம்பெனியையும் அதன் துணை நிறுவனங்களின் பெயர்களையும் தனித்தனியாகச் சேருங்கள்.

வேலை அறிவிப்புகளின் கீழே "இன்ட்ரெஸ்டட்" என்று எழுதி மொபைல் எண்ணும் மெயிலும் போடுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். உங்கள் சக ஊழியர்கள் கண்ணிலும் படும். எண்களைப் பொறுக்கி, பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் பிடுங்கும் கும்பலுக்கும் அதுதான் பட்டியல். அறிவிப்புப் போட்டவருக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புங்கள்.

இங்கே ரெக்ரூட்டர் முதலில் தொடர்பு கொள்வது வாட்ஸ்அப்பில். உங்கள் எண்ணை எடுத்ததும் டிபியும் அபவுட் வரியும் தெரியும். "எவனையும் நம்பாதே" என்று அங்கே இருந்தால் மாற்றிவிடுங்கள், அல்லது இரண்டையும் கான்டாக்ட்ஸுக்கு மட்டும் ஆக்குங்கள். ட்ரூகாலரில் உங்கள் எண் எந்தப் பெயரில் வருகிறது என்று ஒரு நண்பரின் ஃபோனில் பாருங்கள். ரசிகர் மன்றப் பெயரில் வந்தால் அங்கேயே திருத்தலாம். பத்தாம் வகுப்பில் ஆரம்பித்த மெயில் ஐடிக்கும் ஓய்வு கொடுங்கள்.

ஆஃபர் உறுதியாகி ராஜினாமா கொடுத்த பிறகு வரும் 60 நாள்தான் பலர் வாயால் கெடும் காலம். மேனேஜரைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேண்டாம். ஸ்டேட்டஸை மறைத்தாலும் டீமில் ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார். கம்பெனி விமர்சனத் தளங்களில் பெயரில்லாமல் எழுதினால் தெரியாது என்று நினைக்காதீர்கள். "நாலு வருடம், டெஸ்டிங், போன வாரம் ராஜினாமா" என்று எழுதினால் எட்டுப் பேர் டீமில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். புதிய வேலை பற்றிய அறிவிப்பை ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்து, புதிய இடத்தில் முதல் நாள் முடிந்தபின் போடுங்கள். ஐடி கார்டைக் கழுத்தில் போட்டு செல்ஃபி எடுத்தால் ஊழியர் எண், பார்கோடு எல்லாம் அதில் தெளிவாக விழும். பின்னால் மானிட்டரில் டீமின் வேலைப் பட்டியலான ஜிரா போர்டு திறந்திருந்தால் அதுவும். முதல் வாரத்திலேயே பாதுகாப்புத் துறையிடமிருந்து மெயில் வாங்குபவர்கள் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

இதைப் படிக்கும் அரசு வேலைக்காரர்களுக்கும் தேர்வு எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியருக்கு 1964 நடத்தை விதிகள், தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973 நடத்தை விதிகள் பொருந்தும். அரசை விமர்சிப்பதும் கட்சி அரசியலும் அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை, ஃபேஸ்புக்கும் அதில் அடக்கம். பதிவு ஒன்றுக்காக எஃப்ஐஆர் இருந்தால் போலீஸ் வெரிஃபிகேஷன் படிவத்தில் மறைக்காதீர்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விரிவாக நெறிமுறை வகுத்தது. சின்ன வழக்கை மன்னிக்க அதில் இடமிருக்கிறது, மறைத்ததால் வரும் சிக்கல் அதைவிடப் பெரிது.

கடைசியாக உங்கள் அமெரிக்கா. கணக்கையே டெலீட் செய்யாதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். டிஎஸ்-160 விசா படிவத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களை 2019 முதல் கேட்கிறார்கள். கணக்கை மூடிவிட்டாலும் அந்த ஐந்தாண்டுக்குள் பயன்படுத்தியிருந்தால் பெயரைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டது தெரிந்தால் விசா மறுப்புக்குக் காரணமாகலாம், அடுத்த விண்ணப்பத்தையும் அது துரத்தும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசா விண்ணப்பதாரர்கள் தங்கள் கணக்குகளைப் பப்ளிக் ஆக்கி வைக்கவும் உத்தரவு வந்திருக்கிறது. அதாவது இன்று ப்ரைவேட் பூட்டுக்குப் பின்னால் நீங்கள் விட்டு வைப்பது எல்லாம் அன்று தூதரக அதிகாரி முன்னால் திறந்திருக்கும். அதனால்தான் மோசமானவற்றை ஒளிக்காமல் அழிக்கச் சொன்னேன். ஒரு நோட்டில் எல்லாக் கணக்குகளின் பெயரையும், எந்த மெயிலில் தொடங்கியது, எந்த வருடம் வரை பயன்படுத்தியது என்று எழுதி வையுங்கள். ரசிகர் சண்டைக்காக வேறு பெயரில் ஒன்று வைத்திருந்தீர்கள் என்றால் அதையும் சேர்த்து.

எச்ஆருக்கான அந்த மெயிலை இன்றே அனுப்புங்கள். சுத்தம் செய்து முடித்ததும் கட்டத்தில் டிக் போடுங்கள்.